மூக்கில் ஈயம் வைக்காத விமானம்

எங்கள் சகாய நகர் திருச்சி ஏர்போர்ட் மதில் சுவரை ஒட்டினாற்போல இருக்கிறது. இறங்க வருகிற விமானம் எங்கள் கொடித் துணிகளை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுத்தான் இறங்கும். அது தலைக்கு மேலே போகிற நேரம் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது என்பதால், பாதிப் பேச்சை வாயிலேயே அடக்கிக்கொண்டு நிற்போம், போன பிறகு மீதியைச் சொல்லுவோம். சண்டை போட்டாலும் அப்படித்தான், ஜெபம் சொன்னாலும் அப்படித்தான். பொன்மலையிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஒருவன் சம்மதம் சொல்ல வாயைத் திறந்தபோது கொழும்பு விமானம் வந்துவிட்டது. அது போய் முடிகிற வரைக்கும் பெண் வீட்டார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், பெண் மட்டும் அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு காபி கலக்க உள்ளே போய்விட்டாள்.

இத்தனை விமானத்தைப் பார்த்தும் எங்களில் ஒருவரும் விமானத்தில் ஏறினதில்லை. பிள்ளைகள் ஏறிப் போனார்கள், நாங்கள் கேட்டுக்கு வெளியே நின்று கையாட்டிவிட்டு டவுன் பஸ்ஸில் திரும்பினோம். அதனால்தான், ரெஜினாள் வீட்டு மொட்டை மாடியில் ஒன்றரைச் சாண் நீள பிளாஸ்டிக் விமானம் ஒன்று ஓடிப் பறந்தது என்றபோது, அது எப்படிப் பறக்கும் என்று எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை. ஜன்னல் சீட்டு கிடைக்குமா என்றுதான் கேட்டார்கள்.

ரெஜினாள் யாரென்று சொல்லிவிடுகிறேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஏர்போர்ட்டுக்கும் நடுவே ஓடின தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். பாலக்கரையில் நிற்க இடமில்லாமல் பிதுங்குகிற கூட்டத்தை, “உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள ஒரு கல்யாணமே நடத்தலாம்” என்று சொல்லிச் சொல்லியே மடக்கி அடுக்கிவிடுவாள். அந்த பஸ்ஸை ஓட்டினவர் சந்தியாகு. அவள் விசில் அடிக்க அவர் ஓட்டி, அவர் ஓட்ட அவள் விசில் அடித்து, அப்படியே கல்யாணமும் ஆகி, ஒரே நாளில் இரண்டு பேரும் ஓய்வு பெற்று, என் இஸ்திரி வண்டிக்கு எதிர்வீட்டில் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் சமைக்கிற குழம்பின் வாசனை மட்டுமில்லை, பேசுகிற பேச்சும் என் வண்டி வரைக்கும் வரும்.

சந்தியாகுவிடம் ஒரு குணம் உண்டு. ஸ்டியரிங் தன் கையில் இல்லாத வண்டியில் அவர் ஏறமாட்டார். ஆட்டோவில் ஏறமாட்டார், ரயிலில் ஏறமாட்டார், ராட்டினத்தில்கூட ஏறமாட்டார். மேலப்புதூர் கோயிலில் தாலி கட்டிவிட்டு வெளியே வந்தவர், ஜோடித்து நின்ற அம்பாசிடர் காரின் டிரைவரை இறக்கிப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, கழுத்தில் மாலையோடு தானே ஓட்டிக்கொண்டு வந்தார். ரெஜினாளின் கல்யாண போட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் அந்த டிரைவர்தான்.

ரெஜினாளுக்கோ விமானத்தின் மேல் ஒரு கண். பஸ் ஏர்போர்ட் நிறுத்தத்தில் திரும்பி நிற்கிற நேரமெல்லாம் அவள் படியில் நின்று, அந்த வண்டிக்கு எத்தனை ஜன்னல், கதவு எந்தப் பக்கம், சக்கரம் எங்கே மடங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தவள். மகன் பிரிட்டோ பெர்த் என்கிற ஊருக்கு வேலைக்குப் போய் முதல் லீவில் வரும்போது, அம்மா உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். மற்ற வீட்டு அம்மாக்கள் தைலம் கேட்டார்கள், வாசனை சோப்பு கேட்டார்கள். இவள் ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் விமானம் ஒரு பெட்டி கேட்டாள். அதிலிருந்து அவன் வருஷம் தவறாமல் அனுப்பினான். பெட்டியைத் திறந்தால் ஜன்னல் கம்பி மாதிரி ஒரு சட்டம் இருக்கும், அதில் றெக்கை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் என்று காய்த்துத் தொங்கும். நகவெட்டியால் கிள்ளி, உப்புத்தாளில் தேய்த்து, இடுக்கியால் பிடித்து, பசை தொட்டு ஒட்டி, பெயின்ட் அடித்து, கடைசியில் தண்ணீரில் ஊறின ஸ்டிக்கரைக் கொடியையும் எழுத்தையுமாக நழுவவிட்டு ஒட்டுவாள். வீட்டு ஷோகேஸில் மாதாவுக்கு இரண்டு பக்கமும் விமானங்கள்தான். மாதா ஏர்போர்ட் மேனேஜர் மாதிரி நடுவே நிற்பாள்.

அந்த வருஷம் பிரிட்டோவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தன் அப்பா வந்து கையில் ஏந்தினால்தான் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று சொல்லிவிட்டு, இரண்டு பேருக்கும் டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டான். ரெஜினாள் பேத்திக்குக் கவுன் தைத்தாள். பக்கத்திலேயே ஒரு புது விமானமும் செய்தாள், தாங்கள் போகப்போகிற அதே மாதிரி. இந்தத் தடவை வெறும் கூடாகச் செய்ய அவளுக்கு மனசு வரவில்லை. சீட் இல்லாமல் என்ன வண்டி என்று தீப்பெட்டி அட்டையில் சீட் வெட்டி வைத்தாள். இடது பக்கம் பெண்கள் என்று எழுதினாள். முன்கதவை பிளேடால் அறுத்துத் திறந்துவைத்து, ஈர்க்குச்சியில் ஒரு படிக்கட்டும் செய்தாள். டிரைவர் சீட்டுக்கு முன்னால், கவுனில் மிஞ்சின ஒரு குட்டிப் பித்தானை ஸ்டியரிங்காக ஒட்டினாள். விமானத்துக்கு வட்ட ஸ்டியரிங் கிடையாதும்மா என்று பிரிட்டோ போனில் சிரித்தான். எங்க டிரைவருக்கு உண்டு என்று இவள் சொன்னது என் வண்டி வரைக்கும் கேட்டது.

பித்தானைச் சந்தியாகுவும் பார்த்தார். பார்த்துவிட்டு, இந்த வயசில் எவனோ ஓட்டுகிற வண்டியில் என்னால் ஏற முடியாது, நீ போய்ட்டு வா என்றார். அதற்கு ரெஜினாள் கத்தவில்லை.

“நீங்க இல்லாத வண்டிக்கு நான் ஒரு நாளும் ரைட் சொன்னதில்ல. இப்பவும் சொல்ல மாட்டேன். டிக்கெட்ட கிழிச்சுப் போடுங்க.”

இதைச் சொல்லிவிட்டு, விமானத்தின் இரண்டு பாதியையும் எடுத்து, பசை தடவி, சேர்த்து அமுக்கி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டாள். கோபத்தில் செய்த வேலை. காய்ந்த பிறகுதான் சாசரில் கிடந்த தூண்டில் ஈயக்குண்டுகளைப் பார்த்தாள். அந்த மாதிரி விமானத்துக்கு மூடுவதற்கு முன்னால் மூக்குக்குள் ஈயம் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் முன்பக்கம் கனமில்லாமல், விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடும், நாய் உட்காருகிற மாதிரி. ஒட்டினது ஒட்டினதுதான், திறக்க முடியாது. அவளும் கடைசி ஸ்டிக்கரை ஒட்டி அதை அப்படியே ஹாலில் மேஜை மேல் வைத்தாள். வாலில் உட்கார்ந்து அது கூரையைப் பார்த்தது. டிக்கெட்டைக் கிழிக்க மட்டும் இரண்டு பேருக்குமே கை வரவில்லை; அது மாதாவின் காலடியில் கிடந்தது.

மறுநாள் காலையில் கேஸ் சிலிண்டர் போட அப்பாவு வந்தான். சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, படியெல்லாம் வச்சிருக்கியேக்கா என்று அந்த ஈர்க்குச்சிப் படிக்கட்டை விரலால் தொட்டான். ரெஜினாள் அடுக்களையிலிருந்து வந்து பார்த்தால் ஹாலில் சிலிண்டர் நிற்கிறது, ஆளைக் காணோம். விமானத்தின் ஜன்னலிலிருந்து புளியங்கொட்டை உயரத்துக்கு ஒருவன் காக்கிச் சட்டையோடு கையை ஆட்டுகிறான். ரெஜினாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, ஏன்டா அப்பாவு, சிலிண்டர் மூடியை யார் கழற்றிக் கொடுப்பது என்று கேட்டாள். அவன் படியிறங்கி வெளியே கால் வைத்ததும் பழைய அளவுக்கு வந்து, மூடியைக் கழற்றி, வாசர் பார்த்து, மாட்டிக் கொடுத்துவிட்டு, திரும்ப ஒரு தடவை ஏறிக்கட்டுமா அக்கா என்று கேட்டான்.

அன்று சாயங்காலமே அது பறக்கவும் செய்தது. மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். அப்பாவு உள்ளே ஏறினான், பழக்கதோஷத்தில் ரெஜினாள் தன் பழைய விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினாள், விமானம் புறப்பட்டுவிட்டது. மூக்கு மேலே, வால் தரையில். தோசைக்கல்லைச் சுரண்டுகிற சத்தத்தோடு மாடியைச் சுரண்டிக்கொண்டே ஓடிப்போய், கைப்பிடிச் சுவரின் இடைவெளி வழியாகக் கீழே விழுந்தது. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம். திறந்தபோது அது, சுவரேறுகிற கோழி மாதிரி, உதறி உதறி மேலே வந்துகொண்டிருந்தது. ஒற்றை விசில் ஊதினாள், வந்து தொப்பென்று வாலில் உட்கார்ந்தது. அப்பாவு இறங்கி வந்து, மேலேயிருந்து பார்த்தால் நம்ம தெருவில் எல்லாருக்கும் வழுக்கை என்றான்.

இதற்குப் பிறகு எங்கள் தெரு ஒழுங்காக இருக்குமா? நகர் நலச் சங்கச் செயலாளர் குலோத்துங்கன் கூட்டம் போட்டார். விமானம் எப்படி வந்தது என்பதைப் பற்றி அந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை. காக்காவைப் பற்றித்தான் பேச்சு. காக்காய் கொத்திவிட்டால் என்ன செய்வது என்று கேட்டு, கடைசியில் வீட்டுக்கு ஒரு நாள் முறைவைத்து, பறக்கிற நேரத்தில் தெருக்கோடி மாடியில் சோறு வைத்துக் காக்காய்களை அங்கே பிடித்து வைப்பது என்று முடிவானது. பூனைகளைக் கட்டிப் போட வேண்டும். பட்டம் விடக்கூடாது. பறந்து திரும்புகிற நேரம் எந்த வீட்டிலும் மிளகாய் வறுக்கக்கூடாது, உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து தும்மினால் வண்டி திசை மாறுகிறது. கையில் பிடித்திருப்பது சின்னதாகும், தரையில் வைத்தது ஆகாது என்பதால் தூக்குச்சட்டியைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று தெரிய என் வீட்டுக்காரி தனபாக்கியத்தின் சிவப்புச் சேலையைக் கொடியில் நிரந்தரமாகத் தொங்கவிட்டார்கள். சங்கத்துக்காகக் கொடுத்த சேலை என்று அவள் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறாள்.

எல்லாரும் போனார்கள். பள்ளிவாசல் மோதினார் ஹபீப் பாய், தன் குரல் மேலே எப்படிக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ள, தம்பியை பாங்கு சொல்ல வைத்துவிட்டுப் பறந்தார். இறங்கி வந்ததும், பெருமாள் கோயில் தெருப் பக்கம் திருப்பி வைத்திருந்த ஒரு ஒலிபெருக்கியை இந்தப் பக்கம் திருப்பி வைத்தார், அந்தத் தெருக்காரர்கள் பாவம் என்றார். பொதுச்சுவருக்காக வருஷக்கணக்கில் பேசாமலிருந்த ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே தடவையில் போய், அந்தச் சுவர் மேலேயிருந்து நூல் மாதிரி தெரிந்ததைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வந்தும் சண்டை நிற்கவில்லை, ஆனால் சண்டை ஜன்னல் சீட்டைப் பற்றியதாக ஆகிவிட்டது. ஏர்போர்ட்டிலிருந்து ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார், படியைத் தொட்டார், ஒரு சுற்று போனார், திரும்பி வந்து எதற்காக வந்தோம் என்பதே மறந்து, டீ குடித்துவிட்டுப் போனார்.

ஏறுவதுதான் வேடிக்கை. வால் கீழே இருப்பதால், முன்கதவில் கால் வைத்தவுடன் சறுக்குமரம் மாதிரி ஆள் பின்னாலே போய்விடுவார். அப்புறம் வருகிறவர் அவர் மேலே, அதற்கடுத்தவர் அவர் மேலே. மாமியார் மருமகள் மடியில், கடன் கேட்டவர் கொடுக்காதவர் தோளில், சங்கச் செயலாளர் எல்லாருக்கும் அடியில். சீட்டில் ஏறி உட்காருவதற்குள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிடும். கட்டிப்பிடிப்பதெல்லாம் எங்கள் தெருவில் பழக்கமில்லை. அந்தச் சறுக்கலில் தெருவே ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்துக்கொண்டது.

ஆனால் ரெஜினாளுக்கு அது ஒரு குறைதான். வாலில் உட்காருகிற வண்டி நகரைச் சுற்றித்தான் வரும். ஒரு பக்கம் பள்ளிவாசல், ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, அதைத் தாண்டிப் போனால் மூக்கு மேலும் தூக்கிக்கொண்டு தள்ளாடும். காவிரி வரைக்கும் போகாதா என்று எல்லாருக்கும் ஆசை. முன்னால் கனமான ஆளை உட்கார வைத்தால் மூக்கு இறங்கிவிடும் என்று கறிக்கடைக்காரரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்கள். இறங்கவில்லை. குலோத்துங்கன் உட்கார்ந்தார், அப்பாவு உட்கார்ந்தான், இரண்டு மூன்று பேர் ஒருவர் மேல் ஒருவர் உட்கார்ந்தார்கள். முன்சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு அரிசி நுழைகிற இடைவெளி அப்படியே நின்றது. ரெஜினாள் குனிந்து அந்த இடைவெளியைப் பார்ப்பாள். பிறகு மாடிக் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற சந்தியாகுவைப் பார்ப்பாள்.

அவர் மட்டும் ஏறவில்லை. காக்காய்க்குச் சோறு வைக்கிற முறை எங்கள் வீட்டுக்கு வந்தால்கூட, நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்ப் பறங்கள் என்று சட்டியை வாங்கிக்கொள்வார். பெர்த்துக்குப் போகிற தேதி நெருங்கியது. பிரிட்டோ போன் செய்து அழுதான். குழந்தைக்குத் தலை நிற்க ஆரம்பித்துவிட்டது, கோயிலில் சாமியார் கேட்கிறார் என்றான். ரெஜினாள் பெட்டி கட்டவில்லை. தைத்த கவுன் மட்டும் மடித்தபடி மேஜையில் இருந்தது. போகிற வாரம் வந்துவிட்டது, இவள் பாட்டுக்கு விசில் ஊதிக்கொண்டிருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கூட்டம் அவளைப் பிடித்துக்கொண்டது. எல்லாரையும் ஏற்றி அனுப்புகிறாயே, நீ ஒரு நாளாவது ஏறினாயா என்றார்கள். அவளும் என்ன நினைத்தாளோ, சேலையைச் செருகிக்கொண்டு விசிலோடு படியில் விரலை வைத்துவிட்டாள். அன்றைக்கு நானும் உள்ளே இருந்தேன், இனி நடந்ததை நேரில் பார்த்துத்தான் சொல்கிறேன். அவள் போய் நின்ற இடம் எது தெரியுமா? பின்பக்கம். கண்டக்டர் நிற்கிற இடம். அவள் நின்றால் கூட்டம் சும்மா இருக்குமா, பழைய பஸ் கதைகளைக் கேட்கப் பின்னாலேயே அடைந்துகொண்டது. இரட்டை விசில் ஊதினாள். வண்டி சுரண்டி, விழுந்து, ஏறியது. பின்னால் இத்தனை கனம் இருந்ததால் மூக்கு நேரே வானத்தைப் பார்த்துவிட்டது, நாங்கள் எல்லாரும் வால் மூலையில் போய்க் குவிந்தோம், குவியலின் நடுவே ரெஜினாள் “உள்ள போங்க, உள்ள போங்க” என்று சொன்னாள் பாருங்கள், அதில் ஒருவருக்குச் சிரிப்பு வந்து, அது இன்னொருவருக்குத் தொற்றி, அவளுக்கே தொற்றிவிட்டது. மாடி வந்தது, நிறுத்த விசில் ஊத வேண்டும். சிரிக்கிறவளுக்கு எங்கே காற்று சேரும்? வாயில் வைக்கிறாள், புஸ் என்கிறது, அதற்கும் சிரிக்கிறாள். மாடி போய்விட்டது. அப்பாவு விசிலைப் பிடுங்கி ஒரே ஊதாக ஊதினான். பழக்கமில்லாத ஆள் ஊதின விசில். வண்டி எந்த இடமென்று பார்க்காமல் அங்கேயே நின்றுவிட்டது.

அந்த இடம் தண்ணீர்த் தொட்டியின் உச்சி.

சகாய நகரின் உயரமான பொருள் அதுதான். மேலே ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு ஒரு விளிம்பு, அதில் வாலை ஊன்றி உட்கார்ந்திருக்கிறோம். ஓடிப் பறக்க அங்கே தூரம் போதாது. இறங்கலாம் என்றால், படியை விட்டுக் கால் எடுத்தவர் அந்த நொடியே முழு ஆளாகிவிடுவார், இத்தனை முழு ஆள் அந்த விளிம்பில் நிற்க முடியாது. கீழே பார்த்தால் தெருவில் பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். தனபாக்கியம் தொட்டிக்கடியில் நின்று, வீட்டுச் சாவி அவர்கிட்ட இருக்கு என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

சந்தியாகு காக்காய்ச் சட்டியைக் கீழே வைத்தார். இரும்பு ஏணியில் ஏற ஆரம்பித்தார். முழங்கால் வலிக்கு மருந்து தடவுகிற மனுஷன், ஒவ்வொரு கம்பியாக, ஏதோ செகண்ட் கியரில் மேடேறுகிற மாதிரி நிதானமாக ஏறி வந்தார். அவர் முகம் ஜன்னலில் வந்தபோது ஜன்னல் முழுக்க மீசையாக இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு எங்களை எண்ணுகிற மாதிரி பார்த்தார். ரெஜினாள் இருக்கிறாளா என்று பார்த்தார், இருந்தாள். தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்தார். விமானத்தைத் துண்டில் முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவது என்பது அவர் திட்டம். நல்ல திட்டம்தான், கெட்டிக்காரத் திட்டம் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்போது ரெஜினாள் வாசலுக்கு ஏறி வந்து நின்றாள். அவள் குரல் அவருக்குச் சில்வண்டு மாதிரிதான் கேட்டிருக்கும்.

“என்ன டிரைவரே, வண்டியக் கட்டி இழுத்துட்டுப் போகப் போறீங்களா?”

உள்ளே எங்களுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் சந்தியாகு ஓட்டின வண்டி எதையும் யாரும் கட்டி இழுத்ததில்லை. டோல்கேட்டில் ரேடியேட்டர் வெடித்தபோதுகூட, மூலைக்கு மூலை தண்ணீர் வாங்கி ஊற்றி, டிப்போ வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தவர். அதைத் தெருவில் அவர் சொல்லாத நாள் கிடையாது.

துண்டு கையில் அப்படியே நின்றது. அவர் வாயைத் திறந்து, “நான் இந்த வண்டியில...” என்று ஆரம்பித்தார்.

சிங்கப்பூர் விமானம் வந்துவிட்டது.

தொட்டி மேலே இருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு கிட்டத்தில் போகும் தெரியுமா, அதன் நிழல் எங்களைத் தடவிக்கொண்டு போனது. தொட்டி தண்ணீரோடு ஆடியது. அவர் பாதிப் பேச்சை வாயில் வைத்துக்கொண்டு நின்றார், உள்ளே நாங்கள் நின்றோம், கீழே பெட்ஷீட்டைப் பிடித்தவர்கள் நின்றார்கள், ரெஜினாள் வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏற மாட்டேன் என்பதுதான் மீதி என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், எத்தனை தடவை கேட்டது. அவர் அந்தப் பெரிய விமானம் இறங்கி, ஓடி, ஓட்டம் குறைந்து, திரும்புகிற வரைக்கும் அதைப் பார்த்தார். நன்றாகத்தான் திருப்புகிறான் என்கிற மாதிரி தலையை லேசாக ஆட்டினார். சத்தம் அடங்கியது.

“செருப்ப இங்கயே விட்டுடவா?” என்றார்.

அவர் எந்த வண்டியையும் வெறுங்காலில்தான் ஓட்டுவார்.

செருப்பைக் கழற்றி, ஜோடியாக, விளிம்பில் ஓரமாக வைத்தார். படியைத் தொட்டார். உள்ளே வந்தார், சறுக்கவில்லை. சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறி டிரைவர் சீட்டுக்குப் போனார். பித்தானைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உட்கார்ந்தார்.

டக்.

முன்சக்கரம் தரையில் பட்டது. கறிக்கடைக்காரருக்கு அசையாத மூக்கு, வெள்ளைக் கொக்கு மாதிரி இருக்கிற இந்த மனுஷனுக்கு இறங்கியது. அத்தனை நாளும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் முதல் தடவையாக நேரே பார்த்தோம். எதிரே வானமும் கீழே தரையும் அதனதன் இடத்தில் இருந்தன. சரிந்து கிடந்தவர்கள் எழுந்து, சேலையைச் சரிசெய்து, இடது பக்கம் பெண்கள் என்று எழுதியிருந்ததை அன்றைக்குத்தான் படித்துப் பார்த்து, மாறி உட்கார்ந்தார்கள். அவர் பின்னால் திரும்பாமல் கேட்டார், ரைட்டா என்று.

ரெஜினாள் இரண்டு தடவை ஊதினாள். “ரைட், போலாம்” என்றாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது, சிரித்துச் சிரித்து உடைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த விளிம்பு போதுமென்று அவருக்குத் தெரிந்திருந்தது. டவுன் பஸ் ஓட்டினவருக்கு எந்த இடமும் போதும். வண்டி வழுக்கினாற்போலப் புறப்பட்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே போனது. டோல்கேட் போனது, பாலக்கரை போனது, ரோட்டுக்கு மேலேயே, பழைய ரூட்டிலேயே, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போனது. மலைக்கோட்டைப் பிள்ளையாரை ஒரு சுற்று சுற்றினோம், அர்ச்சனைத் தட்டோடு நின்ற ஐயர் கையை ஆட்டினார். காவிரி வந்தது, தண்ணீர் வெயிலில் தகரம் மாதிரி பளபளத்தது, அப்பாவு அழுதான், கண்ணில் தூசி என்றான். ஸ்ரீரங்கத்துக் கோபுரத்துப் பொம்மைகளெல்லாம் எங்களைவிடப் பெரிதாக இருந்து எங்களைக் குனிந்து பார்த்தன. யாரோ முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். கடக் முடக்கென்று ஒரு வண்டிச் சத்தம், பேச்சு, தூக்கம், குறட்டை.

அப்போதுதான் சந்தியாகு திரும்பிப் பார்த்தார். பஸ் ஓட்டின காலத்தில் அவருக்குக் கண்ணாடிதான், திரும்பிப் பார்க்கவே முடியாது. முன்னால் ரோடு இருக்கும். இங்கே வானத்தில் எதிரே ஒருவரும் இல்லை. நிதானமாகத் திரும்பிப் பார்த்தார். ஹபீப் பாய் முறுக்குத் தின்கிறார். குலோத்துங்கன் வாயைத் திறந்து தூங்குகிறார். ஒருவர் கையிலும் ஸ்டியரிங் இல்லை, ஒருவர் முகத்திலும் கவலை இல்லை.

“இப்படித்தானா இத்தன வருஷமும் பின்னாடி உக்காந்து வந்தீங்க?” என்றார்.

வேறெப்படி வருவோம் என்றேன் நான்.

அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். வந்து மாடியில் இறக்கினார், பூவை வைக்கிற மாதிரி. இறங்கி முழு ஆளானதும் வெறுங்காலோடு வீட்டுக்குள் போய், பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். தனபாக்கியத்தைக் கூப்பிட்டு, போகிற வழிக்கு முறுக்கு சுட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அவர்களாகவே சாப்பாடு தருவார்களே என்றதற்கு அவர் சொன்ன பதில் தெரு முழுக்கத் தெரியும்.

“நான் ஓட்டுனப்பல்லாம் எல்லாரும் தின்னாங்கல்ல. ஒரு தடவ நானும் தின்னுட்டுப் போறேன்.”

அவர்கள் போகிற அன்று நாங்கள் கேட்டுக்குப் போகவில்லை, எல்லாரும் மாடியில் நின்றோம். உள்ளே நடந்ததை ரெஜினாள் போனில் சொன்னாள். ஓடுபாதைக் கோடியில் விமானம் நின்றபோது அவர் அவள் பக்கம் திரும்பி, என்ன, ஆள் ஏறியாச்சு, சும்மா உட்கார்ந்திருக்கிறாயே என்றாராம். விசிலைப் பெட்டியில் வைத்துவிட்டதால் அவள் வாயாலேயே மெதுவாக, பக்கத்து சீட்டுக்குக்கூடக் கேட்காமல், இரண்டு தடவை ஊதினாளாம். ஊதினதும் கிளம்பிவிட்டது என்றாள். அவர் காலால் தரையை அழுத்திக்கொண்டே, முறுக்கைக் கடித்துக்கொண்டே போனாராம். அது எங்கள் தலைக்கு மேலே போனபோது யாரும் பாதிப் பேச்சை அடக்கவில்லை. எல்லாரும் கத்தினோம், என்ன கத்தினோம் என்று எங்களுக்கே கேட்கவில்லை.

அந்த நிமிஷமே, அவர் ஓட்டி இறக்கின நாளிலிருந்து நேராகவே நின்ற குட்டி விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிட்டது. டிரைவரும் கண்டக்டரும் இல்லாத வண்டி, யாரும் தொடவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று என் வீட்டு டிவி மேல் கொண்டுவந்து வைத்தோம். ஞானஸ்நானம் முடிந்த போட்டோ வந்தது: பித்தான் வைத்த கவுனில் குழந்தை, ஏந்திய கையில் ஸ்டியரிங் பிடிக்கிற பிடி. விமானம் வாலிலேயே இருந்தது. வருகிற போகிறவர்கள் குனிந்து அந்த அரிசி இடைவெளியைப் பார்த்துவிட்டு, இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

மழைக்காலம் வந்தது. ஒரு காலையில் நான் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தேன். எங்கோ தூரத்தில் வருகிற விமானம் இன்னும் வானத்தில் புள்ளியாகக்கூடத் தெரியாத நேரத்தில், வீட்டுக்குள்ளே, டிவி மேல், டக் என்று ஒரு சத்தம். தனபாக்கியம் வாசலுக்கு வந்தாள். “ரெண்டு பேருக்கும் சேத்து பால் வாங்கிட்டு வாங்க” என்றாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தண்ணீர்த் தொட்டி மேலே அந்தச் செருப்பு இரண்டும் மழையில் நனைந்து, ஜோடியாக, அவர் வரட்டும் என்று இருந்தன.